செம்பட்டை ரூவானும் தறி ரூவானும்

ஒன்பதேகால் மணிக்கு வானொலியில் இறப்பு அறிவிப்பு தொடங்கியதும் மலாக்கி டர்கன் மெல்லுவதை நிறுத்திவிடுவார். ரொட்டி ஒரு பக்கக் கன்னத்தில் ஒதுங்கிக்கொள்ளும். கையில் பென்சில். இறந்தவர் பெயர், ஊர், எத்தனை மணிக்குத் திருப்பலி, எந்தக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் என்று வானொலிப் பெண் வாசித்து முடிப்பதற்குள் இவர் திருத்தம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

"அவ அந்த ஊர்க்காரி இல்லையே. அங்க வாக்கப்பட்டுப் போனவ. பொறந்த வீடு பாலத்துக்கு இந்தாண்ட."

"ரேடியோவுக்குக் காது கேக்காது. முட்டை ஆறுது பாரு" என்பார் தங்கை டெலியா.

அண்ணனுக்கு அறுபத்தொன்பது, தங்கைக்கு அறுபத்தேழு. இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டால், கேட்டவர் தாய்மாமனுக்கு ஏன் ஆகவில்லை என்பதை மலாக்கி விவரமாகச் சொல்வார். கில்பாரா தேவாலயப் பங்கில் ஒவ்வொரு வீட்டு வம்சமும் அவருக்கு ஆறு தலைமுறைக்கு அத்துப்படி.

முப்பத்து நான்கு வருடம் இந்தச் சுற்றுவட்டாரத்து மாடுகளுக்கெல்லாம் சினை ஊசி போட்டவர் அவர். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் அண்ணன் தம்பி முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதெல்லாம் அப்படித் தெரிந்தவைதான். மிரண்ட பசுவை வீட்டுக்காரர் பிடித்துக் கட்டும்வரை பெரியவர்கள் டீ கொடுத்து உட்கார்த்திவைத்துப் பழங்கதை பேசுவார்கள். அதைச் சினைச் சீட்டின் பின்பக்கம் குறித்துக்கொள்வார். ஓய்வு பெறும்போது பசுக்களின் கணக்கை ஆபீசில் ஒப்படைத்தார். பின்பக்கத்து மனிதர்கள் ஷூ டப்பாக்களில் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மாட்டுக்குள் கையை விட்டு விட்டுத் தேய்ந்துபோன இடது தோளும் கூடவே வந்தது. இப்போது அந்தக் கையால் சட்டைப் பொத்தான்கூடப் போட முடிவதில்லை.

"மாட்டுக்கு அப்பன் யாருன்னு சொல்லிக்கிட்டிருந்தான். இப்ப மனுசனுக்கே சொல்லக் கிளம்பிட்டான்" என்று மதுக்கடையில் யாராவது சீண்டுவார்கள்.

"மாடே தேவலாம்ப்பா. காதுல நம்பர் தொங்கும், காளை எதுன்னு சீட்டுல இருக்கும். உங்க தாத்தன் விசயத்துல அந்த மாதிரி சீட்டு ஏதாவது இருக்கா?"

சீண்டியவர் தன் கோப்பைக்குத் திரும்பிவிடுவார். தன் தாத்தா விஷயம் மலாக்கிக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை பிற்பகல்களில் கோயிலுக்குப் பின்னாலிருக்கிற அறையில் உட்காருகிறார். சுவரெல்லாம் ஈரம். மின்சாரக் கணப்பில் ஒரு கம்பி மட்டும் சிவக்கும். ஞானஸ்நானப் பதிவேடு 1839-ல் தொடங்குகிறது, நடுவில் ஏழு வருடத்தை எலி தின்றுவிட்டது. "எலி தின்னது போக மிச்சம் இருக்கறதுதாம்மா உங்க வம்சம்" என்று வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவார்.

ஜூன் பிறந்தால் வாடகைக் கார்கள் வரத் தொடங்கும். பாஸ்டன், சிகாகோ, சிட்னியிலிருந்து பூர்வீகம் தேடி வருகிறவர்கள். "எங்க கொள்ளுத்தாத்தா பேரு பாட்ரிக், பாட்டி பேரு மேரி, எந்த வீடுன்னு காட்டறீங்களா?" என்பார்கள். "இந்தப் பங்குல ஒரே சமயத்துல நூத்திப் பதினேழு பாட்ரிக் இருந்தாங்க. அதுல பாதிப் பேரு மேரியத்தான் கட்டினாங்க" என்பார் மலாக்கி. ஆனாலும் தேடுவார். கண்டுபிடித்து, காஞ்சொறிச் செடி மண்டிய ஒரு இடிந்த வீட்டுக் கற்குவியலுக்குக் கூட்டிப்போய் நிறுத்துவார். அவர்கள் அழுவார்கள். மலாக்கி திரும்பி நின்று பக்கத்து வயல் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆரம்பத்தில் அவரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கூட நின்றதுண்டு. இப்போதெல்லாம் ஷூவுக்குள் தண்ணீர் இறங்கியதுதான் முதலில் தெரிகிறது.

"அழட்டும். அதுக்குத்தானே அவ்வளவு தூரம் டிக்கெட் எடுத்து வந்திருக்காங்க. எனக்குத்தான் முடியல" என்று வீட்டுக்கு வந்து காலுறையைப் பிழிவார்.

இரண்டு சாட்சி கிடைக்காத எதையும் அவர் மையால் எழுதுவதில்லை, பென்சில்தான். கேட்காததைச் சொல்வதும் இல்லை. அப்பன் பெயருக்கு இடம் விட்டுச் சாமியார் எழுதிய பிறப்பு ஒன்று, பார்க்க வந்தவர்களின் பக்கத்தில் இருந்துவிட்டால் அந்த வரியின்மேல் கட்டைவிரலை வைத்தபடியே பேசி முடிப்பார். "நிரப்பச் சொல்லி எனக்கு யாரும் சம்பளம் கொடுக்கல" என்பார்.

இத்தனை ஜாக்கிரதையான மனிதர் ஒரே ஒரு தடவை வழுக்கினார்.

பதினாறு வருடங்களுக்கு முன் ஒரு ஜூலையில் கிளீவ்லாந்திலிருந்து லொரெய்ன் என்ற அம்மாள் வந்தார். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவர், கணவரை இழந்தவர். தாத்தா பெயர் ஆண்டனி ரூவான், அவருடைய அப்பா மார்ட்டின், அம்மா பிரிஜிட், ஊர் இதே பங்கிலுள்ள குளூனகிரான். அவர் கொண்டுவந்தது அவ்வளவுதான்.

குளூனகிரானில் ரூவான் வீடு இரண்டு. தலைமயிரின் நிறத்தால் ஒரு வீட்டுக்குச் செம்பட்டை ரூவான் என்று பெயர். முன்னோர் நெசவு செய்ததால் மற்றது தறி ரூவான். இரண்டுக்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. ஊரார் பட்டப்பெயரை வைத்துத்தான் பிரித்தறிவார்கள், சாமியார்களோ பட்டப்பெயரைப் பதிவேட்டில் எழுதுவதில்லை. தலைச்சன் பிள்ளைக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர் என்பது இங்கே தட்டமுடியாத வழக்கம். இரண்டு வீட்டிலும் தாத்தா ஆண்டனி, இரண்டிலும் மகன் மார்ட்டின். இரண்டு மார்ட்டினுக்கும் வாய்த்த மனைவி பெயரும் பிரிஜிட். விளைவாக 1861-ல் ஒரு ஆண்டனி, 1863-ல் இன்னொரு ஆண்டனி.

செம்பட்டை வீட்டு ஆண்டனி அமெரிக்கா போனான் என்பது ஊரறிந்தது. தறி வீட்டு ஆண்டனி ஸ்காட்லாந்தில் உருளைக்கிழங்கு தோண்டப் போய்க் காய்ச்சலில் செத்தான் என்பதும் ஊரறிந்தது. மலாக்கி பென்சிலால் ஒரு கோடு போட்டு, லொரெய்னைக் காரில் ஏற்றி, செம்பட்டை வீட்டின் கடைசி ஆள் ஆஸ்டி ரூவானிடம் கொண்டுபோய் விட்டார்.

ஆஸ்டி அப்போது அறுபத்து மூன்று வயது ஒண்டிக்கட்டை. தாய் போன பிறகு கட்டிலை அடுப்பங்கரைக்கே இழுத்துப் போட்டுக்கொண்டவர். திருப்பலியில் உள்ளே வராமல் கதவுக்குப் பின்னால் நிற்பார். லொரெய்ன் வாசலிலேயே அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். அடுத்த ஜூலைக்குள் ஆஸ்டி வீட்டுக்கு வெள்ளையடித்திருந்தார், தினமும் சவரம் செய்ய ஆரம்பித்திருந்தார், பூப்போட்ட கோப்பைகள் ஆறு வாங்கியிருந்தார். லொரெய்ன் மகள்களையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிவந்தார். பிள்ளைகள் 'அங்கிள் ஆஸ்டி' என்று டிராக்டரில் ஏறினார்கள். ஞாயிறு தவறாமல் தொலைபேசி. ஆஸ்டி விழுந்து இடுப்பு முறிந்தபோது லொரெய்ன் விமானம் ஏறி வந்து ஐந்து வாரம் கூட இருந்து சமைத்துப் போட்டார். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று ஊரே மெச்சியது.

அதற்கு அடுத்த வருடம், அது நடந்து இப்போது ஒன்பது வருடம் ஆகிறது, லொரெய்ன் தன் அப்பாவின் ஞானஸ்நானச் சீட்டை மலாக்கியிடம் கொண்டுவந்து கொடுத்தார். அப்பாவின் பெயர் ஃபெஸ்டஸ். பின்பக்கம் தாத்தா ஆண்டனி தன் கையால் எழுதியிருந்தார்: 'என் தாயைப் பெற்றவர் பெயரை வைத்தேன்.'

செம்பட்டை வீட்டு பிரிஜிட்டைப் பெற்றவர் பெயர் பீட்டர். ஃபெஸ்டஸ் என்ற பெயர் பதிவேடு முழுவதிலும் ஒருவருக்குத்தான் உண்டு. அவர் தறி வீட்டு பிரிஜிட்டின் அப்பா. அந்த பிரிஜிட் மலாக்கியின் சொந்தக் கொள்ளுப்பாட்டி.

மலாக்கியின் அம்மா ஹனோரா தறி வீட்டுப் பெண். அவளுடைய அப்பா, தறி வீட்டு ஆண்டனிக்குக் கடைசித் தம்பி. ஊரார் வம்சத்தையெல்லாம் துருவியவர், சொந்த வீட்டுக் கதையை மட்டும் அம்மா சொன்னபடியே நம்பிவிட்டார். ஸ்காட்லாந்தில் செத்ததாகச் சொன்ன பெரிய தாத்தா கிளீவ்லாந்தில் எண்பது வயது வரை வாழ்ந்திருக்கிறார், வீட்டுக்கு ஒரு கடிதம் போடாமல். நம் தமிழ் முறையில் பார்த்தால் லொரெய்ன் மலாக்கிக்கு மாமன் மகள். ஆஸ்டிக்கு அவர் யாரும் இல்லை.

மலாக்கி அதை டெலியாவிடம் மட்டும் சொன்னார். வெட்கமாக இருந்தது. அதைவிட ஆஸ்டியின் பூப்போட்ட கோப்பைகள்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தன.

"சொல்லிடு மலாக்கி. நமக்குன்னு யார் இருக்கா? நாளைக்கு நான் விழுந்தா உன்னால தூக்க முடியுமா, அந்தத் தோளை வச்சுக்கிட்டு?"

"ஆஸ்டிக்கு யார் இருக்கா?"

"நமக்கு யார் இருக்கான்னு கேட்டேன்" என்றார் டெலியா.

இந்தப் பேச்சு வருடத்துக்கு ஒருமுறை, கல்லறை மந்திரிப்புக்கு முந்தின வாரம் வரும். ஜூலை மாதம் மூன்றாம் ஞாயிறு பங்கிலுள்ள எல்லாரும் அவரவர் குடும்பக் கல்லறையருகே போய் நிற்க வேண்டும். ஒலிபெருக்கியில் செபமாலை ஓடும், சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார். யார் எந்தக் கல்லருகே நிற்கிறார்களோ அதுதான் உறவு, வேறு பத்திரம் தேவையில்லை. லொரெய்ன் குடும்பம் ஏழெட்டுப் பேராக ஆஸ்டியைச் சுற்றி நிற்கும். தறி ரூவான் கல்லறை மதிலோரம், பெயர் பொறிக்காத வெறும் கல். மலாக்கியும் டெலியாவும் அதன் பக்கத்தில் இரண்டே பேர்.

"போன வருசம் அந்த அம்மா நம்ம கல்லு மேல கைப்பையை வச்சுட்டு ஷூவுக்கு முடிச்சுப் போட்டுது. அதோட சொந்தத் தாத்தாவைப் பெத்தவங்க கீழ படுத்திருக்காங்க. எனக்கு அங்கயே கத்தணும்போல இருந்துச்சு" என்று டெலியா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஒன்பது வருடம் வாயைக் கட்டிக்கொண்டு திரிவது சாமானிய வேலை இல்லை. மலாக்கிக்கு அலுத்துப்போயிற்று. புது விசாரணைக் கடிதங்களைப் பிரிக்காமலே வைத்திருக்கிறார். வியாழக்கிழமை அறையில் அரை மணி நேரம் கண்ணை மூடிக்கொள்கிறார்.

இந்த வருடம் மந்திரிப்பு முடிந்து கோயில் மன்றத்தில் எல்லாரும் டீயோடு நிற்கும்போது லொரெய்ன் ஒரு சின்ன அட்டைப் பெட்டியை ஆஸ்டியின் கையில் வைத்தார். எச்சிலைப் பிடித்து அனுப்பினால் உறவு முறை சொல்லும் சோதனை. "எங்க எல்லாரோடதும் ஏற்கெனவே கொடுத்துட்டோம் ஆஸ்டி. உங்களோடது மட்டும்தான் பாக்கி. பேரப்பிள்ளைங்க ஆசையா இருக்காங்க. வியாழக்கிழமை கிளம்பறப்ப நானே வாங்கிட்டுப் போறேன்."

மலாக்கி நாலடி தள்ளி நின்றிருந்தார். கடித்த ரொட்டியைத் தட்டில் திரும்ப வைத்தார்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் ஆஸ்டி டிராக்டரை ஓட்டிக்கொண்டு டர்கன் வீட்டுக்கு வந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, பெட்டியை மேசைமேல் வைத்தார். டெலியா மூன்று பேருக்கும் டீ ஊற்றினார்.

"வாயில எச்சிலே ஊற மாட்டேங்குது. மாத்திரை தின்னு தின்னு வறண்டு கிடக்கு. குழாயில அடைக்கிற வேலை உனக்குத்தானப்பா பழக்கம்" என்றார் ஆஸ்டி.

மலாக்கி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் படித்தார். "அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. அப்புறம் இந்தக் கோடு வரைக்கும் துப்பணும்."

"அது தப்பாச் சொல்லுமா?"

"சொல்லாது. மாட்டுக்கே இப்ப அதுலதான் பாக்கறாங்க."

ஆஸ்டி மேசைவிரிப்பின் ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஆண்டனி மொன்டானாவுல சுரங்கத்துல செத்தான். இருபத்திரெண்டு வயசு. கல்யாணமே ஆகல. எங்கப்பா சொல்லியிருக்கார்."

மலாக்கி கண்ணாடியைக் கழற்றினார். "இது உனக்கு முதல்லயே தெரியுமா? அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் வாயத் திறந்தேன். அதுக்குள்ள அவ கட்டிப்பிடிச்சுட்டா. எங்கம்மா செத்ததுக்கப்புறம் பதினோரு வருசம் டாக்டரைத் தவிர என்னை யாரும் தொட்டதில்ல மலாக்கி. சரி, நாளைக்குச் சொல்லலாம்னு விட்டேன். அப்புறம் ஒரு வருசம் ஆயிடுச்சு." அவர் பெட்டியை ஒரு விரலால் தள்ளினார். "வேணாம்னு சொல்லிடட்டுமா?"

"ஏன்னு கேப்பா."

"கேப்பா. அவங்க நெசமா யார் வீட்டு ஆளுங்க? உன் புத்தகத்துல இருக்கா?"

மலாக்கி டெலியாவைப் பார்த்தார். டெலியா கெட்டிலைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். ஒன்பது வருடமாக டெலியா எதிர்பார்த்த கேள்வி அது. இரண்டு வார்த்தை போதும். அடுத்த ஞாயிறு முதல் தொலைபேசி இந்த வீட்டில் அடிக்கும். அடுத்த ஜூலையில் மதிலோரக் கல்லருகே ஏழெட்டுப் பேர் வந்து நிற்பார்கள். ஆஸ்டி கட்டிலைத் திரும்பவும் அடுப்பங்கரைக்கு இழுத்துப் போட்டுக்கொள்வார்.

"தெரிஞ்சா சொல்லமாட்டானா?" என்றார் டெலியா.

சொல்லிவிட்டு மேசைக்கு வந்து, மலாக்கியின் முன்னாலிருந்த டீக்கோப்பையை எடுத்தார். அதில் அவர் இன்னும் வாய்கூட வைக்கவில்லை. டெலியா அதைக் கழுவுதொட்டியில் கொட்டினார். ரொட்டித் தட்டையும் எடுத்து அலமாரியில் வைத்து மூடினார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றே கால்.

ஆஸ்டி ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தார், மலாக்கியைப் பார்த்தார். மலாக்கியின் அம்மா ஹனோரா எந்த வீட்டுப் பெண் என்பது குளூனகிரானில் யாருக்கும் தெரியாததல்ல. ஆஸ்டி தன் கோப்பையில் வாய்வைக்காமல் அதைத் தள்ளி வைத்துவிட்டு, கைகளை மடியில் கோத்துக்கொண்டார்.

மூன்று பேரும் அரை மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மூன்றே முக்காலுக்கு மலாக்கி, ஆஸ்டியின் பெயர் ஒட்டிய குழாயின் மூடியைத் திருகி எடுத்து, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கோடு வரும்வரை துப்பினார்.